பத்து மாதப் பிள்ளையோடு மட்டக்களப்பிலிருந்து கோலாலம்பூருக்கு ஐந்து நாள் சுற்றுலா போகிறோம். மடக்குத் தொட்டிலை விமானத்தில் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம், செக்-இன் பொதியாக. ஆனால் அதற்கு முதல், தேவையா என்று பாருங்கள். ஐந்து இரவும் ஒரே ஹொட்டலில் என்றால் அங்கேயே தொட்டில் கேட்பதுதான் புத்தி. பல ஹொட்டல்களில் காசில்லாமலே தருவார்கள். முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டு, படமும் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு மூன்று இடம் மாறித் தங்குகிறீர்கள், அல்லது சொந்தக்காரர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ தங்குகிறீர்கள் என்றால் மட்டும் சுமக்கலாம்.

நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல், ஏணைப் பழக்கம். ஏணையில் ஆடியே தூங்கிய பிள்ளையைத் திடீரென்று தட்டையான தொட்டிலில் போட்டால் முதல் இரவு யாருக்கும் தூக்கம் இராது. இரண்டு கிழமைக்கு முன்பே பகல் தூக்கத்தை மடக்குத் தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். ஹொட்டல் அறையில் திரைச்சீலைக் கம்பியிலோ அலுமாரியிலோ சேலை கட்டி ஏணை போடும் யோசனை வேண்டவே வேண்டாம். அந்தக் கம்பி பிள்ளையின் பாரம் தாங்கச் செய்ததல்ல. பத்து மாதப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து வெளியே சரியவும் கூடும்.

இனிப் பொதிக் கணக்கு. தள்ளுவண்டியையும் கார் சீட்டையும் பல விமான நிறுவனங்கள் இலவசமாக ஏற்றும். மடக்குத் தொட்டிலைச் சிலர் அதோடு சேர்ப்பார்கள், சிலர் சாதாரணப் பெட்டியாகத்தான் எண்ணுவார்கள். மலிவு டிக்கட்டில் இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பொதி அளவே இல்லாமலும் இருக்கும், அப்போது தொட்டிலின் நிறை உங்கள் கணக்கில்தான் விழும். மின்னஞ்சலில் கேட்கும்போது வெறுமனே "தொட்டில்" என்று கேட்டால், விமானத்துக்குள் சுவரில் மாட்டித் தரும் குட்டித் தொட்டிலான பாசினெட்டைப் பற்றிப் பதில் வந்து சேரும். "மடித்த தொட்டில், இத்தனை கிலோ, நீள அகல உயரம் இவ்வளவு, செக்-இன் பொதி" என்று எழுதுங்கள். வந்த பதிலைப் போனில் வைத்திருங்கள், கவுண்டரில் உதவும்.

சில்லு வைத்த சாதாரண வகை 9 முதல் 11 கிலோ வரும். பயணத்துக்கென்றே செய்த மெல்லிய வகை 5, 6 கிலோதான். மடித்தால் நீளம் 75 - 80 சென்ரிமீற்றர், மற்றப் பக்கங்கள் 25 - 30. மூன்றையும் கூட்டினால் 140க்குள் நிற்கும். பொதுவாக அனுமதிப்பது 158. ஆகவே இடிப்பது அளவல்ல, நிறைதான். மேலே மாட்டும் குட்டிப் படுக்கை, துணி மாற்றும் தட்டு, பொம்மைக் கம்பி எல்லாவற்றையும் வீட்டில் விட்டுவிடுங்கள். குட்டிப் படுக்கை எப்படியும் கைகால் ஊன்றி எழும்பும் பிள்ளைக்கு ஆகாது.

பொதி செய்வதில்தான் பலர் தவறுவது. கூட வரும் பை மெல்லிய துணி. சில்லும் கால் நுனியும் உள்ள மூலைகள்தான் முதலில் கிழியும். இரண்டு முனையிலும் பம்பர்ஸ் பக்கற்றோ துவாயோ திணியுங்கள். தொங்கும் பட்டிகளை உள்ளே செருகுங்கள், இல்லையென்றால் விமான நிலையத்தில் பொதிகளை நகர்த்தும் பட்டைப் பாதையில் சிக்கி இழுபடும். மேலே ஓர் உரப்பையைக் கழுவிப் போட்டுக் கயிற்றால் கட்டினால் அழகில்லை, ஆனால் கிழியாது. தைக்க மட்டும் வேண்டாம், சோதனையில் திறக்கச் சொன்னால் அங்கேயே வெட்ட வேண்டிவரும். பெயர், போன் இலக்கம் எழுதிய தாள் ஒன்று பைக்கு உள்ளேயும் இருக்கட்டும். பொலன்னறுவை, தம்புள்ளை, குருநாகல் என்று கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆறேழு மணித்தியால வான் ஓட்டம். தொட்டிலைப் பெட்டிகளுக்கு அடியில் போட்டால் கம்பியின் நடுப்பூட்டு நெளிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

விரிக்கும் வரிசை முக்கியம். இந்த வகைகளில் பெரும்பாலானவற்றில் அடித்தளத்தின் நடுப்பகுதி மேலே தூக்கி நிற்கும்போதே நான்கு மேல் கம்பிகளையும் ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும், "டக்" என்று பூட்டும் வரை. அதன் பிறகே நடுவைக் கீழே அமுக்குவது. நடுவை முதலில் அமுக்கிவிட்டால் கம்பி பூட்டாது, எவ்வளவு பலமாக இழுத்தாலும். கடைசியில் ஒவ்வொரு கம்பியின் நடுவிலும் உள்ளங்கையை ஊன்றி அமுக்கிப் பாருங்கள். பூட்டாத கம்பி பிள்ளை பிடித்து நிற்கும்போது நடுவில் மடிந்து இறங்கி, கழுத்தை நெரிக்கும். 1990களில் அமெரிக்காவில் சில மடக்குத் தொட்டில்களைத் திரும்பப் பெற்றதற்குக் காரணமே இதுதான்.

மடிப்பது நேர் எதிர்: மெத்தையை எடுத்து, நடுப் பட்டியைப் பிடித்து முழுதாக மேலே தூக்கி, பிறகு கம்பியை இலேசாக உயர்த்தியபடி பொத்தானை அமுக்க வேண்டும். உயர்த்தாமல் அமுக்கினால் பொத்தான் அசையாது. கடைசி நாள் காலை வாகனம் கீழே காத்திருக்கும்போது இதில் முழிப்பதைவிட, வீட்டில் நாலு தரம் பழகிக்கொள்வது மேல்.

மெத்தை மெல்லிசாக இருக்கிறது என்று ஹொட்டல் தலையணையோ போர்வையோ கீழே போடாதீர்கள். ஓரத்தில் இடுக்கு விழுந்து முகம் புதையும். ஏசிக் குளிருக்கு இன்னொரு சட்டை போடுங்கள், போதும். வீட்டு வாசம் உள்ள விரிப்பைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் பெட்டி வரும் பட்டையில் காணவில்லையென்று பதறாதீர்கள், பருமனான பொதிகள் வேறு வாசலால் வரலாம். வெளியே போக முதல் பையைத் திறந்து பாருங்கள். உடைந்திருந்தால் அங்கேயே பொதிப் பிரிவில் முறைப்பாடு எழுதி, படம் எடுத்து, பிரதி வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மொன்றியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும்.

ஊருக்கு வந்ததும் மெத்தையைப் பிரித்து அரைநாள் வெயிலில் போடுங்கள். ஈரத்தோடு பைக்குள்ளேயே அலுமாரியில் வைத்தால் மார்கழி மழைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.