சர்வர் வேலை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்

அண்ணே, வணக்கம்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கும் பாப்பா, கோடிங் வேண்டாம், லினக்ஸ் சர்வர் நிர்வாகம்தான் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் உங்களுக்கு அது என்ன வேலை என்றே பிடிபடவில்லை, ராத்திரி டூட்டி வேறு என்கிறார்கள். நியாயமான கவலைதான். வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சர்வர் என்பது பலருக்கும் பொதுவாக ஓடும் கம்ப்யூட்டர்; லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி அதை இயக்கும் மென்பொருள்.

நம்மூர் ஆஸ்பத்திரியோ நூல் மில்லோ, கணக்கு வழக்கெல்லாம் ஒரு சர்வரில் இருக்கும். டிஸ்க் என்றைக்காவது கெடும் என்பதால் பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி வைப்பார்கள். அதுதான் ரெய்டு. ரெய்டு 5 முறையில் 4 டிபி (டெராபைட்) டிஸ்க் நான்கு போட்டால் 12 டிபி புழங்கலாம், மீதி காப்புக்குப் போய்விடும். ஒரு டிஸ்க் கெட்டால் தாங்கும். அதை மாற்றுவதற்குள் இன்னொன்றும் கெட்டால் எல்லாம் போச்சு.

இந்த வேலையைத் தனி கன்ட்ரோலர் கார்டு செய்தால், உள்ளே இருக்கும் நான்கு டிஸ்க்கும் லினக்ஸின் கண்ணுக்கு ஒரே பெரிய டிஸ்க்காகத்தான் தெரியும். ஒன்று செத்தாலும் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், பில் போடுபவருக்கு எதுவும் தெரியாது. கார்டு பீப் அடித்தாலும் பூட்டிய ஏசி அறைக்குள் யார் கேட்பது? கார்டிடம் நிலவரம் கேட்க அந்தந்த வகைக்கென்று கருவி உண்டு: மெகாரெய்டு என்ற வகைக் கார்டுக்கு ஸ்டோர்சிஎல்ஐ, டெல் கம்பெனி கார்டுக்கு பெர்க்சிஎல்ஐ, எச்பிஇ கம்பெனி கார்டுக்கு எஸ்எஸ்ஏசிஎல்ஐ. அது சொல்வதை ஜாபிக்ஸ், நாகியோஸ் மாதிரி ஓப்பன் சோர்ஸ் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) கண்காணிப்பு மென்பொருளுக்குக் கொடுத்து, டிஸ்க் கெட்டதும் போனுக்குச் செய்தி வர வைக்க வேண்டும்.

டிஸ்க்கோடு முடிவதில்லை. கார்டில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். கரண்ட் போகும்போது டிஸ்க்குக்கு இன்னும் போய்ச் சேராத தகவலைக் காப்பாற்றுவது அதுதான். பேட்டரி தளர்ந்துவிட்டால் பல கார்டுகள் தாமாகவே எச்சரிக்கையாகி, ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் 'ஆச்சு' என்று சொல்லும். சர்வர் மந்தமாகிவிடும். ஆபீசில் எல்லோரும் மென்பொருள் செய்தவரைத் திட்டுவார்கள். அந்த நேரத்தில் பேட்டரியைப் பார்க்கத் தோன்றுகிற ஆள் கம்பெனிக்கு எவ்வளவு பெரிய துணை என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, கருவியே ஓடாமல் நின்றுபோனபோதும் பச்சை விளக்கு காட்டும் கண்காணிப்பு, கண்காணிப்பே இல்லாததைவிட மோசம். பாப்பா இதை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதைப் பழக கார்டு வாங்க வேண்டாம், செலவும் வேண்டாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு போலிக் கம்ப்யூட்டரை உருவாக்கும் மென்பொருள்) போட்டு, அதற்குள் டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவி, நான்கு போலி டிஸ்க்குகளை எம்டிஏடிஎம் கருவியால் ரெய்டாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம் வேண்டுமென்றே ஒன்றைக் கெடுக்கட்டும். செய்தி வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது, புது டிஸ்க் சேர்த்து மீட்க முடிகிறதா என்று பார்த்து எழுதி வைக்கட்டும். இது மென்பொருள் ரெய்டு, கார்டு ரெய்டு இல்லை. ஆனால் தேட வேண்டியவை அநேகமாக ஒன்றே. வேலைக்கு வரும் பிள்ளைகளில் பலர் கமாண்டுகளை ஒப்பிப்பார்கள். கெடுத்து, மீட்டு, எழுதி வைத்ததைக் காட்டுபவர்கள் குறைவு.

சான்றிதழ் வேண்டுமென்றால் ரெட் ஹாட் என்ற லினக்ஸ் கம்பெனியின் ஆர்எச்சிஎஸ்ஏ நல்லது. மூன்று மணி நேரச் செய்முறைத் தேர்வு, 300-க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. மனப்பாடம் உதவாது. 'வேலை உத்தரவாதம்' என்று பெரிய தொகை கேட்கும் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

எல்லாம் கிளவுடுக்கு, அதாவது இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுக்கும் சர்வர்களுக்கு, போய்விட்டதே என்று உறவினர் யாராவது சொல்வார்கள். அங்கேயும் பெரும்பாலும் லினக்ஸ்தான், கண்காணிக்க ஆளும் வேண்டும். ரெய்டு மட்டும் தெரிந்தால் போதாது, நெட்வொர்க்கும் கொஞ்சம் ஸ்கிரிப்ட் எழுதுவதும் கூடவே வர வேண்டும்.

ராத்திரி டூட்டி உண்மைதான், ஆரம்பத்தில் ஷிப்ட் பல இடங்களில் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து விட வண்டி தருவார்களா, ஷிப்ட் எப்படி மாறும் என்று வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் ஐடி வளாகத்திலும் நம்மூர் ஆஸ்பத்திரிகளிலும் முதலில் விசாரிக்கலாம். ஆனால் வாய்ப்பு அதிகம் பெங்களூரு, சென்னை, கோயம்புத்தூரில்தான், அதற்கு வீட்டில் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். செமஸ்டர் லீவில் அந்தப் பயிற்சியைச் செய்து முடித்துவிட்டு, எழுதிய நோட்டோடு பாப்பாவை என்னிடம் அனுப்புங்கள். உட்கார்ந்து பார்த்துவிட்டு எந்தக் கம்பெனிகளுக்கு எழுதிப் போடலாம் என்று சொல்கிறேன்.