யோகா வகுப்பும் வேலை நேரமும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

மற்ற நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவையை எடுத்துச் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தை நடத்துகிறேன். 60 பேர் வேலை பார்க்கிறார்கள். சம்பளத்தை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட்டதில்லை. ஆனாலும் கடந்த ஆறு மாதத்தில் ஒரே குழுவிலிருந்து நான்கு பேர் போய்விட்டார்கள். இருப்பவர்கள் இரவு 9 மணி வரை உட்கார்ந்தும் வேலை முடிவதில்லை. எங்கள் மனிதவள அதிகாரி ‘ஊழியர் நலத் திட்டம்’ என்று யோகா வகுப்பு, தியானச் செயலி, மன அழுத்தப் பயிற்சி என ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். செலவு கொஞ்சநஞ்சமல்ல. செய்யும் வேலைக்குச் சம்பளம் கொடுப்பது என் கடமை. அவர்கள் நலமாக இருக்கிறார்களா என்பது அவரவர் சொந்த விஷயம் இல்லையா? இதில் முதலாளிக்கு என்ன வேலை?

கே.

அன்புள்ள கே.,

அந்தப் பட்டியலைப் பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. பிரிட்டனில் 46,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்களை அலசி வில்லியம் ஃப்ளெமிங் என்ற ஆய்வாளர் 2024-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தியானச் செயலி, மன அழுத்தப் பயிற்சி போன்றவற்றில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட நலமாக இருந்ததாக அதில் தெரியவில்லை. தன்னார்வத் தொண்டில் ஈடுபடும் வாய்ப்பு மட்டும்தான் கொஞ்சம் விதிவிலக்கு.

ஆனால் இதை வைத்து ‘அப்படியென்றால் இது என் வேலை இல்லை’ என்று நீங்கள் முடிவுக்கு வந்தால், அங்கேதான் நான் மாறுபடுகிறேன். அந்தத் திட்டங்கள் தோற்பதற்குக் காரணம், அவை ஊழியரை மாற்றப் பார்க்கின்றன. வேலையை அப்படியே விட்டுவிடுகின்றன. எத்தனை மணி நேரம், எவ்வளவு பளு, யார் மேற்பார்வை, எந்த அளவு சுதந்திரம் – இவற்றை ஒரு ஊழியர் தனியாக மாற்ற முடியாது. நீங்கள் மாற்றலாம். உங்களைத் தவிர வேறு யாராலும் முடியாது என்பதால்தான் இது உங்கள் வேலை ஆகிறது.

‘முதலாளிக்கு என்ன’ என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் ஃபோர்டு கார் ஆலையில் 1913-ல் நடந்ததைச் சொல்கிறேன். நகரும் உற்பத்தி வரிசை அப்போதுதான் வந்திருந்தது. ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்ய வேண்டும். ஆட்கள் தாங்க முடியாமல் வேலையை விட்டு நின்றுகொண்டே இருந்தார்கள். சுமார் 14,000 இடங்களை நிரப்பி வைக்க அந்த ஒரு வருடத்தில் 50,000-க்கும் மேற்பட்டவர்களை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரையும் எடுத்து, பழக்கி, அவர் கை தேறும் முன்னே இழப்பது. 1914 ஜனவரியில் நிறுவனம் நாள் சம்பளத்தைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கி 5 டாலர் என்றும், தினசரி வேலை நேரத்தை 9 மணி நேரத்திலிருந்து 8 மணி நேரமாகவும் அறிவித்தது. மொத்த இடங்களோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 370 சதவீதமாக இருந்த ஆள்மாற்றம் 1915-ல் 16 சதவீதத்துக்கு இறங்கியது. தன் செலவுக் குறைப்பு நடவடிக்கைகளிலேயே மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்று முதலாளி ஹென்றி ஃபோர்டே பின்னால் இதைச் சொன்னார். (அதே நிறுவனம், அந்தச் சம்பளத்துக்குத் தகுதியானவர்தானா என்று பார்க்கத் தொழிலாளியின் வீட்டுக்கே ஆய்வாளர்களை அனுப்பியது. அதை நான் நலம் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஊழியர் நலத்தின் பெயரால் அவர்களின் சொந்த வாழ்க்கைக்குள் நுழையும் எந்தத் திட்டத்தையும் நீங்களும் மறுக்க வேண்டும்.)

உங்களை விட்டுப் போன அந்த நான்கு பேருக்கும் இதேபோல ஒரு விலை உண்டு. புதியவரைத் தேடும் செலவு, பழக்கும் மாதங்கள், அதுவரை அந்த வேலையையும் சேர்த்துச் சுமக்கும் மற்றவர்கள். அப்புறம் அவர்களும் களைத்து ஐந்தாவது ஆள் கிளம்புகிறார். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இது தனி வரியாக வருவதில்லை, அதனால் கண்ணில் படுவதும் இல்லை.

இரவு 9 மணி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அதுதான். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வாரக்கணக்கில் பதிவு செய்த உற்பத்தி விவரங்களைப் பொருளாதார அறிஞர் ஜான் பென்கவெல் 2014-ல் மறுபடி ஆராய்ந்தார். வாரத்துக்கு 50 மணி நேரத்தை ஒட்டிய ஓர் எல்லைக்கு மேல், கூடுதல் நேரம் தரும் பலன் குறைந்துகொண்டே போகிறது. 70 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்தி 56 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்தியைவிடப் பெரிதாகக் கூடவில்லை. போருக்கு ஆயுதம் தேவைப்பட்ட நேரத்திலேயே அந்தக் கூடுதல் 14 மணி நேரம் வீண். உங்களுக்கு வீண், ஊழியருக்கோ அதைவிட மோசம். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

உங்கள் தொழிலிலேயே ஒரு ஆய்வு இருக்கிறது. பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்தின் கால் சென்டர்களில் ஊழியர்களின் மனநிலையை ஆறு மாதம் வாராவாரம் கேட்டுப் பதிவு செய்தார்கள். மகிழ்ச்சியாக இருந்த வாரங்களில் அவர்களின் விற்பனை சுமார் 13 சதவீதம் அதிகம். கூடுதல் நேரம் உழைத்து வந்த விற்பனையல்ல அது. அதே வேலை நேரத்துக்குள் அழைப்புகளை நன்றாகக் கையாண்டதால் வந்தது. எரிச்சலில் இருக்கும் வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேச, பேசுபவரிடம் முதலில் பொறுமை மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா?

இத்தனையும் லாபக் கணக்கு. நீங்கள் கேட்டதால் சொன்னேன், ஆனால் இதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. லாபத்துக்காக மட்டும் ஊழியர் நலம் என்றால், லாபம் குறையும் காலாண்டில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். ஒரு மனிதர் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை உங்களிடம் தருகிறார். அவர் வீட்டுக்கு எந்த மனநிலையில் திரும்புகிறார், பிள்ளையிடம் பேசத் தெம்போடு போகிறாரா என்பதை நீங்கள் போடும் வேலை அட்டவணை தீர்மானிக்கிறது. சம்பளம் அவருடைய உழைப்புக்கு. உடம்பையும் மனதையும் கெடுத்துக்கொள்வதற்கு அல்ல. பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022-ல் அடிப்படை உரிமைகளின் வரிசையில் சேர்த்திருக்கிறது. அது சலுகை இல்லை.

சரி, என்ன செய்யலாம்? யோகாவுக்கு ஒதுக்கிய பணத்தை வைத்து அந்தக் குழுவுக்கு இன்னொரு ஆளை எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். அழைப்புகள் எந்த நேரத்தில் குவிகின்றன என்று பார்த்து ஷிப்டை மாற்றுங்கள். ஒரு வாடிக்கையாளருக்குச் சின்னச் சலுகை தரக்கூட மூன்று பேரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தால், அந்த முடிவை ஊழியரிடமே விடுங்கள். பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஒயிட்ஹால் ஆய்வுகளில், தங்கள் வேலையில் தங்களுக்குச் சொல்லுரிமை குறைவாக இருந்தவர்களுக்கே இதய நோய் அபாயம் கூடுதலாக இருந்தது.

இதற்கெல்லாம் முன்பு, ஒரே குழுவிலிருந்து நான்கு பேர் போயிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மற்ற குழுக்களில் அப்படி நடக்கவில்லை என்றால் காரணம் அந்தக் குழுவுக்குள்தான் இருக்கிறது. போனவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். இருப்பவர்களிடம் ஒவ்வொருவராக உட்கார்ந்து பேசுங்கள். அப்போது அவர்களுடைய மேலாளர் கூட இருக்க வேண்டாம். சொன்னவர் யார் என்று அவரிடம் பிறகும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்