தீர்க்கதரிசன வரத்தை அன்போடு பயன்படுத்துவது என்றால் நடைமுறையில் என்ன?

ஜெபிக்கும்போது மற்றவர்களுக்கான வார்த்தைகள் உங்கள் மனதில் வருகின்றன, சபையிலும் அதைத் தீர்க்கதரிசன வரம் என்று சொல்கிறார்கள், போதகர் மட்டும் "அன்போடு பயன்படுத்து" என்று சொல்லி அனுப்பினார், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். இதை இப்போதே கேட்கத் தோன்றியதே பெரிய காரியம். உங்கள் வயதில் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு அக்காவின் மனதை அப்படி உடைத்திருக்க மாட்டேன்.

அப்போது எனக்கு 26 வயது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். கையில் மைக். மூன்றாவது வரிசையில் முக்காடு போட்டு அந்த அக்கா உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. சபையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எனக்குள் ஏதோ பொங்கி வந்தது. அவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, "அடுத்த வருஷம் இதே நாளில் கையில் குழந்தையோடு இங்கே சாட்சி சொல்லுவீர்கள் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்றேன். சபையே அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. அக்கா அப்படியே முழங்காலில் விழுந்து அழுதார்கள். நான் அடுத்த ஆளுக்கு ஜெபிக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று யாராவது அவர்களைக் கேட்டார்கள். ஆசையாகத்தான் கேட்டார்கள். அந்த அக்கா மூன்றாவது வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போனார்கள். அப்புறம் வருவதே நின்றுவிட்டது. விசுவாசம் போதவில்லை என்று சபையில் சிலர் பேசினார்கள். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் நானும் அப்படித்தான் நினைத்தேன். என் வார்த்தையைக் காப்பாற்றிக்கொள்ள அது எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா டீ போட்டுக் கொடுத்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க சொன்னது நடக்கலன்னுகூட எனக்கு வருத்தம் இல்ல தம்பி. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட வந்து, எப்படியிருக்கீங்கன்னு கேக்கலையே" என்றார்கள்.

அன்று நான் பேசியதற்கு முன்மாதிரி, சூனேம் ஊரில் பிள்ளையில்லாத ஒரு ஸ்திரீக்குத் தீர்க்கதரிசி எலிசா சொன்ன வார்த்தைதான். வேதாகமத்தில் 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரம். அதை மனப்பாடமாகச் சொல்லுவேன், ஆனால் முழுசாக வாசித்ததில்லை. இப்போது வாசித்துப் பாருங்கள். எலிசா அவளிடம் முதலில் கேட்பது, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்றுதான். பிள்ளை பிறக்கும் என்று சொன்னபோது அவள் துள்ளிக் குதிக்கவில்லை. "உமது அடியாளுக்கு அபத்தம் சொல்லவேண்டாம்" என்கிறாள். எத்தனை வருஷ வலி அந்த ஒரு வரியில் இருக்கிறது! பிள்ளை பிறந்து, வளர்ந்து, ஒரு நாள் தலை வலிக்கிறது என்று சொல்லித் தாய் மடியில் செத்துப்போகிறான். அவள் கர்மேல் மலைக்கு ஓடி வந்து எலிசாவின் காலைப் பிடித்துக்கொள்கிறாள். வேலைக்காரன் கேயாசி அவளை விலக்கப் பார்க்கிறான். எலிசா தடுத்து, அவளை விடு, அவள் ஆத்துமா துக்கமாயிருக்கிறது, கர்த்தர் அதை எனக்கு அறிவிக்கவில்லை என்கிறார். இவ்வளவு பெரிய தீர்க்கதரிசி, எனக்குத் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்கிறார்! முதலில் கேயாசியிடம் தன் தடியைக் கொடுத்து அனுப்புகிறார். அவளோ உம்மை விடமாட்டேன் என்று நிற்கிறாள். எலிசா எழுந்து அவள் பின்னாலேயே போகிறார். வார்த்தையைச் சொன்னவர் அந்த வீட்டுக்குப் போய், கதவைப் பூட்டி, செத்த பிள்ளையின் மேல் படுத்து ஜெபிக்கிறார். நான் எலிசாவின் வாயை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவருடைய கால்களை எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் போதகர் சொன்ன "அன்போடு" என்பதற்கு நான் கண்ட அர்த்தம் இதுதான்: ஒருவருக்கு ஒரு வார்த்தை சொன்னால், திங்கட்கிழமையும் அவருக்கு நீங்கள் கடன்பட்டவர்.

அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் அன்பைப் பற்றிய அதிகாரமான 1 கொரிந்தியர் 13ஐ நாம் கல்யாண ஆராதனையில் வாசித்து வாசித்து, அது கணவன் மனைவிக்கு எழுதியது போல ஆகிவிட்டது. பவுல் எழுதும்போது அதிகாரம், வசனம் என்று பிரிவு கிடையாது, அதெல்லாம் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தது. 12ஆம் அதிகாரம் வரங்களைப் பற்றி, 14ஆம் அதிகாரம் மறுபடியும் வரங்களைப் பற்றி. நடுவில் இருப்பது உங்களையும் என்னையும் போன்ற ஆட்களுக்கு, சபையில் எழுந்து பேசுகிறவர்களுக்கு எழுதியது. கொரிந்து சபையில் வரத்துக்குக் குறைவே இல்லை என்று முதல் அதிகாரத்திலேயே பவுல் சொல்லிவிடுகிறார். ஆனால் 11ஆம் அதிகாரத்தில் அதே சபையின் பந்தியில் ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான். வரமாக அந்நிய பாஷை பேசுகிற வாய்க்குப் பக்கத்தில் பட்டினி கிடக்கிற வயிறு. இந்தச் சபையிடம்தான், அன்பு எனக்கிராவிட்டால் "சத்தமிடுகிற வெண்கலம்போலவும், ஓசையிடுகிற கைத்தாளம்போலவும்" இருப்பேன் என்கிறார். கொரிந்து வெண்கலத்துக்குப் பேர்போன ஊர். கேட்டவர்களுக்கு உறைத்திருக்கும்.

நம் மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வரம் என்றாலே தவமிருந்து வாங்குவது, வாங்கியவனுக்குச் சொந்தம் என்று நம் காதில் ஊறியிருக்கிறது. பவுல் எழுதிய கிரேக்கச் சொல் 'காரிஸ்மா'. கிருபை என்ற சொல்லிலிருந்து பிறந்தது. சும்மா கிடைத்தது, அதுவும் அடுத்தவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிக் கிடைத்தது. உபவாசம் இருந்து சம்பாதித்தேன் என்ற எண்ணம் எனக்குள் இருந்த வரைக்கும், மைக்கை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ஒரு வார்த்தை வந்தால் உடனே சொல்லியாக வேண்டும் என்று பதறாதீர்கள். தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறது என்று 14ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. அடக்க முடியவில்லை என்று நான் சொல்லிக்கொண்டதெல்லாம் என் அவசரம். கூட்டத்துக்கு நடுவே வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். மாற்கு சுவிசேஷம் 7ஆம் அதிகாரத்தில் காது கேளாத, திக்குவாயான ஒருவனை இயேசு ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போகிறார். அவன் காதில் விரலை வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். பேச்சைக் கேட்க முடியாதவனுக்குப் புரிகிற விதமாக இவையெல்லாம் கையாலும் கண்ணாலும் நடக்கிறது. அவனைக் காட்சிப்பொருளாக்க அவருக்கு மனமில்லை.

"கர்த்தர் சொல்லுகிறார்" என்று தொடங்கினால் கேட்கிறவரால் மறுக்கவே முடியாது. "ஜெபிக்கும்போது எனக்கு இப்படித் தோன்றியது, நீங்களும் நிதானித்துப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்பது பவுலின் கட்டளைதானே. குழந்தை, கல்யாணம், வியாதி, வெளிநாட்டு வேலை, இவற்றில் நாள் குறித்துச் சொல்ல நான் இப்போது வாயே திறப்பதில்லை. மாத்திரையை நிறுத்து என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. அதனால் போகிற உயிருக்கு யார் பதில் சொல்வது? தலையில் கை வைக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். தீர்க்கதரிசனம் எதற்கு என்று பவுல் மூன்றே சொல்கிறார்: பக்திவிருத்தி (விசுவாசத்தில் வளர்த்தல்), புத்தி சொல்லுதல், ஆறுதல். நீங்கள் சொல்ல வந்தது இந்த மூன்றில் எதற்கும் உதவாது என்றால், அதை ஜெபமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் பார்த்துப் பயந்து வரத்தையே மூடி வைத்துவிடவும் வேண்டாம். நான் சில வருஷம் அப்படி இருந்தேன், அதுவும் சரியில்லை. "ஆவியை அவித்துப்போடாதிருங்கள்", அதாவது ஆவியின் நெருப்பை அணைக்காதீர்கள் என்றும் எழுதியிருக்கிறது.

போன வருஷம் என் அம்மா இறந்தார்கள். அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, சாயங்காலம் அந்த அக்கா வந்தார்கள். இப்போது வேறு சபைக்குப் போகிறார்கள். கையில் ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சி, துவையல். அடுக்களையில் கிடந்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. "ஜெபிக்கட்டுமா தம்பி?" என்று கேட்டார்கள். நான் தலையசைத்த பிறகுதான் தலையில் கை வைத்தார்கள். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையைத் தூங்க வையும்" என்றார்கள். அவ்வளவுதான் ஜெபம். மறுநாளும் காலையில் தூக்குச் சட்டியோடு வந்தார்கள்.