வாசகர் கேள்வி – பதில்: வெள்ளி நாணயத்துக்கு எந்த ஒளி?

கேள்வி: தாத்தா விட்டுச்சென்ற விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய்கள் சில என்னிடம் உள்ளன. கைப்பேசியில் படமெடுத்தால் ஒன்று முழுவதும் வெளுத்துப்போகிறது, அல்லது கறுத்துப்போகிறது. ஃப்ளாஷ் போட்டால் இன்னும் மோசம். என்ன விளக்கு வாங்க வேண்டும்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: புதிய விளக்கு எதுவும் தேவையில்லை, இருக்கும் விளக்கை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். வெள்ளி, தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும் உலோகம். ஆகவே படத்தில் பதிவாவது நாணயம் மட்டுமன்று, அதன் எதிரே இருக்கும் எல்லாமும்தான். ஃப்ளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால் அதன் ஒளி சமதளத்தில் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்பி வெண்திட்டாகிறது. ஃப்ளாஷை அணைத்தால், நாணயத்துக்கு நேர் மேலே இருப்பது உங்கள் கறுப்புக் கைப்பேசி என்பதால் தளம் அதையே காட்டிக் கறுக்கிறது.

கைப்பேசியை ஒரு தாங்கியில் நாணயத்துக்கு இணையாகப் பொருத்தி, முடிந்தால் இரண்டு மடங்கு லென்ஸைத் தேர்ந்துகொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து எடுங்கள். மிக அருகில் சென்றால் கைப்பேசியின் நிழல் நாணயத்தின் மேலேயே விழும். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு எல்.இ.டி. மேசை விளக்குகளைக் கடிகாரத்தில் பத்து மணி, இரண்டு மணி இருக்கும் திசைகளில் சற்று உயரமாக வையுங்கள். ஒளி மேற்புறத்திலிருந்து வருவது அவசியம். கீழ்ப்புறத்திலிருந்து வந்தால், புடைத்திருக்கும் முகம் குழிந்திருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றிவிடும். அறையின் குழல்விளக்கை அணைத்துவிடுங்கள். இரு நிற ஒளிகள் கலந்தால் வெள்ளியின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் பதிவாகும். சிவப்புச் சட்டையோடு குனிந்து பார்த்தால் அந்தச் சிவப்பும் நாணயத்தில் ஏறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பின்னணிக்குச் சாம்பல் நிற அட்டை நல்லது. வெள்ளைத் தாள் வைத்தால் கைப்பேசி தானாகவே வெளிச்சத்தைக் குறைத்து நாணயத்தை மங்கலாக்கிவிடும்.

விளக்கின் முன் ட்ரேசிங் தாள் கட்டும்படி எல்லோரும் சொல்வார்கள். புழங்கித் தேய்ந்த ரூபாய்க்கு அது சரி. அச்சடித்த பளபளப்பு அழியாத நாணயத்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சுழற்றும்போது சக்கரத்தின் ஆரங்கள்போல் ஓடும் அந்த மினுமினுப்பு, பரவிய ஒளியில் செத்துப்போகும். அதற்குத் தாள் இல்லாத சிறிய விளக்கை லென்ஸுக்கு அருகே, மேசையிலிருந்து ஏறத்தாழ எழுபது பாகை உயரத்தில் வையுங்கள்.

உங்களிடம் 1911ஆம் ஆண்டு ரூபாய் இருந்தால் அதிலேயே பழகிப்பாருங்கள். மன்னரின் மார்பில் உள்ள யானையின் துதிக்கை குட்டையாக அமைந்து பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால், 1912இல் அவ்வுருவத்தைத் திருத்தினார்கள். அந்தத் துதிக்கையின் விளிம்பு தனியே பிரிந்து தெரியும் வரை ஒரு விளக்கை மட்டும் மெல்ல நகர்த்துங்கள். அது தெரிந்துவிட்டால் ஒளி சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கேள்வி: என்னிடம் திப்பு சுல்தான் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்று உள்ளது. உருவம் ஏதுமில்லை, பாரசீக எழுத்துகள் மட்டுமே. அவையும் தேய்ந்திருப்பதால் படத்தில் படிக்க முடியவில்லை.
– வாசகி, பென்னாகரம்

பதில்: 1792இல் ஆங்கிலேயர் கைக்கு மாறும் வரை, தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்கள் அடங்கிய நம் பாராமகால் மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. எனவே அந்த நாணயம் உங்கள் ஊர்ப் பக்கம் கிடைத்ததில் வியப்பில்லை. அதை நன்றாகப் பதிவுசெய்து வைப்பது நமக்குக் கடமையும்கூட. இதற்கு மேற்சொன்ன முறை உதவாது. ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில், மேசையிலிருந்து பதினைந்து இருபது பாகை உயரத்துக்குத் தாழ்த்துங்கள். நம் மாவட்டத்து நடுகற்களில் உச்சி வெயிலில் தெரியாத எழுத்து சாய்ந்த மாலை வெயிலில் எழுந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரணம்தான் இங்கும். நிழல் மிகக் கடுமையானால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். எழுத்தின் கோடு ஒளி வரும் திசையோடு இணைந்து ஓடினால் நிழல் விழாமல் மறைந்துபோகும் என்பதால், விளக்கைத் திசை மாற்றி இன்னொரு படமும் எடுப்பது நலம். தாழ்ந்த ஒளி கீறல்களையும் பெரிதாக்கிக் காட்டும். நாணயத்தை விற்கவோ மதிப்பிடவோ அனுப்பும்போது இயல்பான ஒளியில் எடுத்த படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

கேள்வி: கண்ணாடிபோல் மின்னும் புரூஃப் (சேகரிப்பாளர்களுக்கெனத் தனியே மெருகோடு அச்சடித்த) நினைவு நாணயத்தை எப்படி எடுத்தாலும் கைப்பேசியின் பிம்பமே விழுகிறதே?
– வாசகர், ஓசூர்

பதில்: நாணயத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே, கறையற்ற மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை நாற்பத்தைந்து பாகை சாய்த்து நிறுத்துங்கள். படச்சட்டத்தின் கண்ணாடி போதும். விளக்கைப் பக்கத்தில் கிடைமட்டமாகக் கண்ணாடியை நோக்கி வைத்தால், ஒளியின் ஒரு சிறு பகுதி கீழே திரும்பி நாணயத்தில் நேர்க்குத்தாக விழுந்து, அங்கிருந்து கண்ணாடியை ஊடுருவி லென்ஸை அடையும். விளக்கின் ஒளி நேரடியாக நாணயத்தில் படாமல் ஓர் அட்டையால் மறைத்து, கண்ணாடிக்கு அப்புறம் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். இப்போது தளம் பிரகாசமாகவும் உருவம் கருமையாகவும் வரும். இதற்கு நேர்மாறாக, கறுத்த தளத்தில் வெண்மையான உருவம் வேண்டுமென்றால் கண்ணாடியை எடுத்துவிட்டு, லென்ஸ் அளவுக்குத் துளையிட்ட பெரிய கறுப்பு அட்டையைக் கைப்பேசியின் முன் பிடித்து, விளக்குகளைப் பக்கங்களில் வையுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது முறைதான்; உருவத்தின் பனிபடர்ந்த சொரசொரப்பு அதில் முழுமையாக வெளிப்படுகிறது. கண்ணாடி முறையில் ஒளியின் பெரும்பகுதி வீணாவதால் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும். ஆகவே தாங்கியும் டைமரும் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: படமெடுக்கும் முன் விபூதியோ புளியோ போட்டுத் துலக்கலாமா?
– வாசகி, அரூர்

பதில்: வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்கும் குங்குமச்சிமிழுக்கும் ஏற்ற அந்த வைத்தியம் நாணயத்தின் மேற்பரப்பை அராவி, நுண்ணிய கீறல்களால் நிரப்பிவிடும். அதன்பின் எந்த ஒளியாலும் பழைய மினுமினுப்பைக் கொண்டுவர முடியாது, விலையும் குறையும். கறுப்பு என்பது காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டான படலம். சேகரிப்பாளர்கள் பலர் அதையே விரும்பி வாங்குகிறார்கள். தூசியை மென்மையான தூரிகையால் தட்டாமல், காற்றூதியால் ஊதிவிடுங்கள். நாணயத்தை எப்போதும் விளிம்பைப் பிடித்தே எடுங்கள்.