சுத்தியல் தட்டியும் கால் அசையவில்லையே, டாக்டர்!

அனிச்சைச் செயல்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு நரம்பியல் மருத்துவரின் பதில்கள்.

முதுகுவலிக்காகப் போயிருந்தேன். டாக்டர் சின்னச் சுத்தியலால் இரண்டு முழங்காலிலும் தட்டினார். இரண்டு காலும் அசையவே இல்லை. அவர் ‘பரவாயில்லை’ என்றார். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. நரம்புத் தளர்ச்சியா?
– 46 வயது வாசகர், கும்பகோணம்

நிம்மதியாகத் தூங்குங்கள். ‘நரம்புத் தளர்ச்சி’ என்றொரு நோய் இன்றைய நரம்பியலில் இல்லை. சுவர் விளம்பரங்களில்தான் இருக்கிறது.

சுத்தியல் படும் இடம், முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண். அது சட்டென்று இழுபட்டால் தொடையின் முன்பக்கத் தசையும் கொஞ்சம் நீளும். தசைக்குள் இருக்கும் உணரிகள் அதைக் கண்டுகொண்டு, இடுப்புப் பகுதித் தண்டுவடத்துக்குச் சேதி அனுப்பும். சேதி கொண்டுவரும் நரம்பு செல் அங்கே தசையை இயக்கும் நரம்பு செல்லை நேரடியாகத் தூண்டிவிடுகிறது. நடுவில் தரகர் கிடையாது. அதனால்தான் தட்டிய சுமார் 20 மில்லி நொடியில் தசை சுருங்கத் தொடங்கிவிடுகிறது. ஜெர்மனியில் எர்ப், வெஸ்ட்ஃபால் என்ற இரண்டு மருத்துவர்கள் 1875இல் தனித்தனியே இதைக் கவனித்து, ஒரே இதழில் எழுதினார்கள். அன்று தொடங்கிய தட்டல் இன்னும் நிற்கவில்லை.

மூளைக்கு இதில் பங்கே இல்லை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அது பாதி உண்மைதான். கடிவாளம் எப்போதும் மூளையிடம்தான் இருக்கிறது. பரிசோதனை என்றதும் பதற்றத்தில் காலை விறைப்பாக வைத்துக்கொள்பவர்களுக்கு அனிச்சை சரியாக வராது. அப்படிப்பட்டவரிடம், இரு கை விரல்களையும் கொக்கிபோலக் கோத்துப் பலமாக இழுக்கச் சொல்லி, அந்த நேரத்தில் தட்டுவோம். பெரும்பாலும் கால் உதைத்துவிடும். யெண்ட்ராசிக் என்ற ஹங்கேரிய மருத்துவர் சொல்லிக்கொடுத்த உத்தி இது.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மந்தமாக இருந்து, காலில் பலக்குறைவோ மரத்துப்போதலோ இல்லையென்றால் பொதுவாகக் கவலை இல்லை. சிலருக்கு உடல்வாகே அப்படி. வலது கால் உதைத்து இடது கால் சும்மா இருந்தால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன். அந்தப் பக்கம் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். கால் அளவுக்கு மீறித் துள்ளினாலும் சந்தேகம்தான். பக்கவாதத்தில், தண்டுவடக் காயத்தில் கடிவாளம் அறுந்துபோகிறது. அடக்க ஆளில்லாத அனிச்சை துள்ளுகிறது. அப்போது உள்ளங்காலைக் கீறிப் பார்ப்போம். கட்டைவிரல் மடங்காமல் மேல்நோக்கி எழுந்தால், மூளையிலிருந்து இறங்கும் பாதையில் கோளாறு. பாரிஸில் பாபின்ஸ்கி 1896இல் விவரித்தது இது. நடக்கப் பழகாத குழந்தைக்கு விரல் மேலே எழுவது இயல்பு. பாதை இன்னும் முதிரவில்லை என்று அர்த்தம்.

தயவுசெய்து வீட்டில் பூரிக்கட்டையால் சோதிக்காதீர்கள்.

தோசைக்கல்லில் விரல் பட்டால் உடனே கையை இழுத்துவிடுகிறேன். எரிச்சல் பிறகுதான் தெரிகிறது. ஆனால் சூடான குழம்புச் சட்டியைத் தூக்கிவிட்டால், கை சுட்டாலும் மேடைவரை கொண்டுபோய்த்தான் வைக்கிறேன். அப்போது அனிச்சை எங்கே போகிறது?
– வாசகி, திண்டுக்கல்

அருமையான கவனிப்பு. சூட்டைச் சொல்ல இரண்டு வகை நரம்பு இழைகள் இருக்கின்றன. வேகமான இழையில் சேதி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். மெதுவான இழையில் நொடிக்கு ஒரு மீட்டர்தான், கொஞ்சம் முன்பின் இருக்கலாம். விரலிலிருந்து தண்டுவடத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம். வேகமான சேதி வந்ததுமே தண்டுவடம் கையை இழுக்க உத்தரவு போட்டுவிடுகிறது. ‘சுருக்’கென்ற வலி மூளைக்குத் தெரிய வருவது அதற்குப் பின்னால், நிதானமான எரிச்சல் அதற்கும் பின்னால்.

கையை இழுக்கும் இந்த அனிச்சையில் இடைப்பட்ட நரம்பு செல்கள் உண்டு. மூளை கைவைக்கும் இடம் அதுதான். சட்டியைப் போட்டால் குழம்பு காலில் கொட்டும் என்று மூளைக்குத் தெரியும். ‘பொறு’ என்று தண்டுவடத்தை அடக்கிவிடுகிறது. தோசைக்கல் விஷயத்தில் முன்னறிவிப்பு இல்லை, அதனால் தடுக்கவும் நேரமில்லை. வெறுங்காலில் முள் குத்தும்போதும் கவனியுங்கள்: ஒரு கால் மேலே போகும் அதே நேரம் மற்றக் கால் விறைத்து உடம்பைத் தாங்கும். இந்த ஏற்பாடு மட்டும் இல்லாவிட்டால் ஒவ்வொரு முள்ளுக்கும் ஒருமுறை விழுவோம்.

சுட்டுவிட்டால் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம்.

140 கிலோமீட்டர் வேகப்பந்தை அடிப்பது அனிச்சைதானே?
– கல்லூரி மாணவர், சேலம்

இல்லை தம்பி. அந்தப் பந்து மட்டைக்கு வர அரை நொடி போலத்தான் ஆகும். கண்ணால் பார்த்து, கை அசையத் தொடங்கவே அதில் சுமார் 0.2 நொடி போய்விடும். மிச்ச நேரத்தில் ஆட முடிவது, பந்து வீசுபவரின் கை, மணிக்கட்டு பார்த்து முன்கூட்டியே கணிக்கும் பயிற்சியால். எல்லாம் பெருமூளை வேலை. முகத்துக்கு நேரே பந்து வரும்போது கண் மூடிக்கொள்கிறதே, அதை வேண்டுமானால் அனிச்சைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதப் பேரன் தூக்கத்தில் திடீரென்று கைகளை விரித்து உதறி அழுகிறான். பயந்திருக்கிறான், மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்கிறார்கள்.
– பாட்டி ஒருவர், காரைக்குடி

இதற்கு மோரோ அனிச்சை என்று பெயர். ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோவின் பெயரில் வந்தது. கதவு படாரென்று சாத்தினாலோ, தலைக்குக் கொடுத்த பிடி தளர்ந்தாலோ குழந்தை கைகளை விரித்து, பிறகு அணைப்பதுபோல் சேர்க்கும். ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். பிறந்ததும் நாங்களே இதைச் செய்துபார்ப்போம். ஒரு கை மட்டும் விரியவில்லையென்றால், பிரசவத்தில் காறையெலும்போ தோள் நரம்போ அடிபட்டிருக்கலாம்.

ஆறு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் காட்டுங்கள். இன்னொன்று முக்கியம்: சத்தமோ அசைவோ எதுவும் இல்லாமலே, பெரும்பாலும் தூங்கி எழும் நேரத்தில், அடுத்தடுத்துச் சரம் சரமாக உடம்பு மடங்கி நிமிர்ந்தால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

கயிறு கட்டுவதில் எனக்கு வழக்கு இல்லை. கழுத்தில் மட்டும் கட்டாதீர்கள், இறுக்கிக்கொள்ளும்.

விபத்தில் அடிபட்ட அண்ணனுக்கு மூளைச்சாவு என்றார்கள். உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தோம். அன்று அவர் கால்விரல் அசைந்ததைப் பார்த்தேன். அவசரப்பட்டுவிட்டோமா?
– ஊர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

இல்லைம்மா. மூளை முழுதும் செத்த பிறகும், வென்டிலேட்டர் தரும் பிராணவாயுவில் தண்டுவடம் உயிரோடு இருக்க முடியும். தொட்டால் விரல் அசையலாம்; அபூர்வமாகக் கைகளே மார்புவரை எழும்பலாம். இவை எல்லாம் மூளை இல்லாமல் நடப்பவை.

மூளைச்சாவை முடிவு செய்ய நாங்கள் பார்ப்பது மூளைத்தண்டின் (மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் அடிப்பகுதி) அனிச்சைகளை. கண்ணில் வெளிச்சம் அடித்தால் கண்பாப்பா சுருங்குகிறதா, விழி வெண்படலத்தைத் தொட்டால் இமைக்கிறாரா, காதில் குளிர்ந்த நீர் விட்டால் விழி நகர்கிறதா, தொண்டைக்குள் குழாய் போனால் இருமல் வருகிறதா, வென்டிலேட்டரைப் பிரித்தால் தானாக ஒரு மூச்சாவது எடுக்கிறாரா. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்த பிறகே கையெழுத்திட வேண்டும். அந்தச் சான்றிதழ் தரப்பட்டிருந்தால் நீங்கள் பார்த்த அசைவு அதை மாற்றாது. அதை யாரும் முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லிவைக்கவில்லை; அது மருத்துவர்களாகிய எங்கள் குறை.

வெயிலுக்கு வந்தாலே தும்மல். அலர்ஜியா?
– வாசகர், திருச்சி

வீட்டுக்குள் இல்லாமல், பிரகாசமான ஒளியைப் பார்த்ததும் ஒன்றிரண்டு மட்டும் வந்தால் அலர்ஜி இல்லை. ஏறக்குறைய நான்கைந்து பேரில் ஒருவருக்கு இது உண்டு. பரம்பரையாக வரும், உங்கள் அப்பாவையோ அம்மாவையோ கேட்டுப்பாருங்கள். வண்டி ஓட்டுபவர் என்றால் சுரங்கப்பாதையிலிருந்து வெளியே வரும்போது கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளுங்கள்.