89 வயது மாப்பிள்ளையின் உயில்

கேள்வி: 26 வயதில் 89 வயது எண்ணெய்க் கோடீஸ்வரரைக் கட்டிக்கொண்டு, அவர் செத்ததும் சொத்துக்கு வழக்குப் போட்டாரே அமெரிக்க மாடல் அன்னா நிகோல் ஸ்மித்... கடைசியில் அவருக்கு எவ்வளவு கிடைத்தது? பேராசைக்குக் கிடைத்த சரியான தண்டனை என்று சொல்லலாமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கணவர் விட்டுப்போன சொத்தில் ஒரு பைசா கிடைக்கவில்லை. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். இரண்டாவதுதான் இடிக்கிறது.

பணத்துக்காகத்தான் கட்டிக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளைக்கு அது தெரியாதா? ஜே. ஹோவர்ட் மார்ஷல் ஒன்றும் ஏமாந்த கிழவர் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, அங்கேயே பாடமும் நடத்தியவர். கோக் குடும்பத்தின் எண்ணெய் நிறுவனமான கோக் இண்டஸ்ட்ரீஸில் சுமார் 16 சதவீதப் பங்கு வைத்திருந்தவர். 1991இல் ஹூஸ்டனில், ஆடை அவிழ்ப்பு நடன விடுதி ஒன்றில் அன்னாவைப் பார்த்தார். 1994 ஜூனில் சக்கர நாற்காலியில் வந்து தாலி கட்டினார் (சரி, மோதிரம் மாற்றினார்). அடுத்த வருடம் ஆகஸ்டில் கண்ணை மூடினார்.

இருந்தவரை பணத்தையும் பரிசுகளையும் வாரி இறைத்தார். உயிலிலோ மனைவிக்கு ஒரு வரி கூட இல்லை. 'உனக்கென்று ஒரு டிரஸ்ட் வைப்பேன் என்று வாயால் சொன்னார்' என்பதுதான் அன்னாவின் வழக்கு. இளைய மகன் பியர்ஸின் கையில் தனக்குச் சாதகமான உயில் என்ற காகிதம் இருந்தது, அன்னாவின் கையில் வாய்வார்த்தை. இரண்டையும் கொடுத்தவர் ஒரே ஆள். அதுவும் சட்டம் படித்த ஆள்!

மூத்த மகன் கதையையும் கேளுங்கள். 1980இல் கோக் குடும்பத்துச் சகோதரர்கள் முட்டிக்கொண்டபோது அவர் அப்பாவுக்கு எதிர் அணியில் நின்றார். அப்பா அவருடைய பங்குகளை விலைக்கு வாங்கிக்கொண்டு உயிலிலிருந்து கழற்றிவிட்டார். பிறகு அந்த மகனும் சித்தியோடு சேர்ந்து கோர்ட்டுக்கு வந்தார். சித்தி அவரைவிடப் பல வருடம் சின்னவர் என்பது வேறு விஷயம். மொத்தச் சொத்து 160 கோடி டாலர் வரை இருக்கும் என்று பேச்சு. கிழவரின் சாம்பலைக்கூட இரண்டு பங்கு போட்டுக்கொண்டார்கள். பேராசை என்ற சொல்லைப் பிரித்துக் கொடுப்பதென்றால், அந்த வீட்டில் ஆளுக்கொரு பங்கு தரலாம்.

இனி வழக்கு. 1996இல் அன்னா கலிபோர்னியாவில் திவால் மனு போட்டார். பியர்ஸ், 'என்னை அவதூறு செய்தார்' என்று அங்கே வந்து நுழைய, 'எனக்கு வரவேண்டியதைத் தடுத்ததே நீதான்' என்று அன்னா பதிலுக்குப் போட்டார். 2000இல் திவால் நீதிமன்றம் அவருக்குச் சுமார் 45 கோடி டாலர் என்றது. 2001இல், டெக்சாஸில் தனியாக நடந்த உயில் வழக்கில் ஹூஸ்டன் ஜூரி பியர்ஸ் பக்கம் நின்றது. 2002இல் வேறொரு நீதிபதி 45 கோடியைச் சுமார் 8.8 கோடியாக்கினார். 2004இல் மேல்முறையீட்டில் அதுவும் பூஜ்யம். 2006இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அன்னாவின் வழக்குக்கு உயிர் கொடுத்தது. அடுத்த மாதமே பியர்ஸ் இறந்தார். 2007 பிப்ரவரியில் அன்னாவும் போனார், 39 வயதில். வழக்கு மட்டும் சாகவில்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று கதவைச் சாத்தியது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: இப்படிப்பட்ட எதிர்வழக்கில் இறுதித் தீர்ப்புச் சொல்ல, ஆயுள் பதவி இல்லாத திவால் நீதிபதிக்கு அரசியல் சாசனப்படி அதிகாரம் கிடையாதாம். கிழவர் வாக்குக் கொடுத்தாரா இல்லையா என்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. இன்றைக்கும் திவால் சட்டம் பார்க்கும் அமெரிக்க வக்கீல்கள் அந்தத் தீர்ப்பைப் புரட்டாமல் இருக்க முடியாது.

அப்புறம் ஒன்று. அன்னாவும் 2001இல் உயில் எழுதினார். எல்லாம் மகன் டேனியலுக்கு. இனி பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை என்று தெளிவாகவே எழுதிவைத்தார். 2006 செப்டம்பரில் மகள் பிறந்தாள். மூன்றே நாளில், தாயையும் தங்கையையும் பார்க்க வந்த டேனியல் இறந்துபோனான். அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார் அன்னா. உயிலை மாற்றவில்லை. அந்தக் குழந்தைதான் வாரிசு என்று சொல்வதற்கும் ஒரு கோர்ட் வேண்டியிருந்தது.