மறுபடியும் பாரிஸ், இந்த முறை தனியாக: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 2014இல் கணவரோடு பத்து நாள் பாரிஸில் இருந்தேன். அவர் இப்போது இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். தனியாக இரண்டு மாதம் போய் இருக்க ஆசை. அன்று தங்கிய ஹோட்டலிலேயே தங்கலாமா? (திருச்சி வாசகி)

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா. ஆனால் அந்த ஹோட்டல் வேண்டாம். ஒரு நாள் அந்தத் தெருவுக்குப் போய், பக்கத்துக் கஃபேயில் உட்கார்ந்து நிதானமாக ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். அறுபது ராத்திரி அதே அறையில் படுத்தால் ஊர் கண்ணில் படாது, அவர் இல்லாததுதான் படும். ஊரும் அன்றைக்கு இருந்த ஊர் இல்லை. நீங்கள் பார்த்த நோட்ர டாம் தேவாலயம் 2019 ஏப்ரலில் தீப்பிடித்து, ஐந்து வருட வேலைக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்தது. உள்ளே கல்லெல்லாம் சுத்தம் செய்யப்பட்டு வெளுத்து நிற்கிறது. அந்தப் பழைய இருட்டைத் தேடாமல் உள்ளே போங்கள்.

தங்குவதற்குச் சந்தைக்குப் பக்கமான ஒரு குடியிருப்புப் பகுதியாகப் பாருங்கள். எனக்கு மனசுக்கு நெருக்கமானது 12ஆம் வட்டாரத்தில் இருக்கும் அலிக்ர் சந்தை. திங்கள் தவிர தினமும் காலையில் கூடும். மதியம் ஒரு மணி ஆனதும் கடைக்காரர்கள் கூவிக் கூவி விலையைக் குறைப்பார்கள். மீந்த தக்காளி கூடையோடு போகும். ஒரே கடையில் தொடர்ந்து வாங்குங்கள். முதலில் 'போன்ஜூர்' (வணக்கம்) சொல்லிவிட்டு அப்புறம் விலை கேளுங்கள். சொல்லாமல் கேட்டால் அங்கே அது மரியாதைக் குறைவு. நாலைந்து நாள் போனால் அவர்களே முந்திக்கொண்டு 'போன்ஜூர் மதாம்' என்பார்கள். வேறு யாரோடும் பேசாத நாளில் அந்த ஒரு வார்த்தை எவ்வளவு துணை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: ஏப்ரலில் 20 நாள் இத்தாலியில் இருந்தேன். ஜூன் 1 முதல் பாரிஸில் 90 நாள் இருக்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: முடியாது. எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்கலாம் என்ற கணக்கு, ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகள்) எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். இத்தாலியில் 20 போய்விட்டதால் மிச்சம் 70. வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தே கணக்கு, ஆகவே ஆகஸ்ட் 9க்குள் கிளம்பிவிட வேண்டும். விசாவில் அதைவிடக் குறைவான நாள் போட்டிருந்தால் அதுதான் உங்கள் எல்லை. 2025 அக்டோபரிலிருந்து கைரேகையும் புகைப்படமும் எடுத்து நுழைவதையும் வெளியேறுவதையும் கணினியில் பதியத் தொடங்கிவிட்டார்கள், அதனால் ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும். 90 நாளுக்கு மேல் வேண்டுமென்றால் பிரான்ஸின் நீண்டகால விசாவுக்குத் தனியாக விண்ணப்பியுங்கள்.

கேள்வி: வாடகை வீடு பிடிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (கோவை வாசகி)

பதில்: சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் வீடு என்றால் விளம்பரத்தில் நகராட்சிப் பதிவு எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வீட்டைப் பாருங்கள். லிஃப்ட் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பழைய கட்டடங்களில் பல, ஆறு மாடி இருந்தாலும் வளைந்து வளைந்து ஏறும் மரப்படி மட்டும்தான். நேரில் பார்க்காமல் யார் கணக்குக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். நம்பகமான தளம் வழியாகவே கட்டுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம் கதவு. அங்கே பல வீட்டுக் கதவுகள் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் திருகவும் பிடி இருக்காது. ஒரு பிப்ரவரி ராத்திரி குப்பைப் பையைக் கீழே வைக்க இறங்கினேன். பின்னால் 'டக்' என்று சத்தம். சாவி மேசைமேல், போனும் அங்கேயே, காலில் வீட்டுச் செருப்பு. கீழ்வீட்டு அம்மா உள்ளே உட்காரவைத்துப் பூட்டுத் திறப்பவரைக் கூப்பிட்டார். பத்து நிமிட வேலைக்கு இரவு நேரக் கட்டணமாக அவர் வாங்கிய தொகையில் ஒரு வாரச் சாப்பாடு முடிந்திருக்கும். அன்றிலிருந்து சாவி கழுத்தில்தான். போன முதல் நாளே இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். தனியாக இருப்பவருக்கு உள்ளேயிருந்து கதவு திறக்க ஆள் இல்லை.

கேள்வி: பத்து டிக்கெட் கொண்ட மெட்ரோக் கட்டு இன்னும் கிடைக்குமா?

பதில்: அந்தக் காகிதக் கட்டை இப்போது விற்பதில்லை. நவிகோ என்ற பயண அட்டை வாங்கி அதில் டிக்கெட்டை ஏற்றிக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் ஒரு மெட்ரோப் பயணம் 2.50 யூரோ ஆனது. வாரப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான், மாதப் பாஸும் ஒன்றாம் தேதியில் தொடங்கும். மாதத் தொடக்கத்தில் போய் இறங்கினால் லாபம்.

கேள்வி: நான் சைவம். இட்லி, தமிழ்ப் பேச்சு இரண்டும் இல்லாமல் இரண்டு மாதம் தள்ள முடியுமா? (மதுரை வாசகர்)

பதில்: எதற்குத் தள்ள வேண்டும்? கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து சற்று மேலே நடந்தால் லாச்சப்பல். ஈழத் தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு. முருங்கைக்காய், இடியப்ப மா, தமிழ்ப் பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயம். கோடையின் கடைசியில் தேர் ஓடும்போது தெருவெல்லாம் தேங்காய் உடையும். மற்ற நாளில் உணவகத்தில் தனியாக உட்காரக் கூச்சப்படாதீர்கள், அங்கே அது சாதாரணம். குழாய்த் தண்ணீர் ஜாடியில் இலவசமாகவே தருவார்கள். காபியை நின்றுகொண்டு குடித்தால் பெரும்பாலும் விலை குறைவு.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், தனியாக இருப்பவருக்கு அந்த நீண்ட ராத்திரி கனம். ஆகஸ்டில் பேக்கரிக்காரர் உட்படப் பலர் விடுமுறையில் போய்விடுவார்கள். மே நடுவிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை போங்கள். ஜூனில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டுவிட்டு சேன் நதிக்கரையில் ஒரு நடை போய் வரலாம்.